சம்மதப் படிவம்: மூலமும் உரையும்

விடிகாலை 5.40. அக்காவின் மூக்குத்தி, தோடு, மெட்டி எல்லாவற்றையும் ஒரு மாத்திரைக் கவரில் போட்டு என் கையில் திணித்த நர்ஸ், கூடவே ஒரு கிளிப் அட்டையையும் நீட்டினாள்.

"அண்ணா, இதுல அஞ்சு இடத்துல சைன் பண்ணுங்க. பென்சில்ல டிக் அடிச்சிருக்கேன்."

"படிச்சுப் பாத்துட்டுப் போடறேம்மா."

அவள் பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. ராத்திரி முழுக்கக் கண் விழித்த பிள்ளை. "படிக்கறதுக்கு இதுல என்னண்ணா இருக்கு? எல்லாரும் போடறதுதானே."

உண்மைதான். தமிழில் அச்சேறியவற்றுள் இவ்வளவு பேர் கையெழுத்துப் போட்ட நூல் வேறு இருக்குமா என்பது சந்தேகம். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் மட்டும் பதின்மர் என்பார்கள். கத்தி வைக்கும் முன் கையெழுத்தாகும் இந்த ஒன்றரைப் பக்க நூலுக்கு ஓர் உரையையும் நான் கண்டதில்லை. நகலுக்கு நகல், அதற்கும் நகல் என்று எடுத்து எடுத்து, கொம்பு உதிர்ந்து, புள்ளி மறைந்து, செல்லரித்த ஏடுபோல் இருந்தது என் கையில் இருந்த பிரதி. அக்காவுக்குப் பித்தப்பையில் கல், 'சின்ன ஆபரேஷன்தான்'. தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. உரை எழுத அவகாசம் இருந்தது. ஊர்ப் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் வேண்டாம். எந்த ஊரில் கேட்டாலும் இதே ஏடுதான் கிடைக்கும்.

மூலம்: "கீழே கையொப்பமிட்டுள்ள நான், என் முழு மனதுடன், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, எனது ........க்கு மயக்க மருந்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்."

உரை: 'நான்' என்பது தன்மை ஒருமை எழுவாய். நூல் முழுக்க ஒரு வினையைச் செய்வதாக வெளிப்படையாகத் தெரிகிற எழுவாய் இது ஒன்றுதான். இதை மனத்தில் குறித்துக்கொள்ளவும், பின்னால் வேண்டியிருக்கும். இந்த 'நான்' கத்தி படப்போகும் உடம்புக்கு உரியவர் அல்லர். அக்கா உள்ளே பச்சை கவுனில் முழு நினைவோடு உட்கார்ந்திருக்கிறாள். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஐந்து இடத்தில் டிக் அடித்திருந்தால் ஐந்தையும் கேள்வி கேட்பாள். அவளிடம் யாரும் அட்டையை நீட்டவில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு உடம்பு ஒன்று, 'அட்டெண்டர்' ஒருவர் என்று இரண்டு பாகம். உடம்பு படுத்திருக்கும். அட்டெண்டர் பணம் கட்டுவார், ரத்தத்துக்கு ஆள் பிடிப்பார், கையெழுத்துப் போடுவார்.

'முழு மனதுடன்' என்றது, முன்பணம் முந்தைய இரவே கட்டியாகிவிட்டதை. 'வற்புறுத்தலும் இன்றி' என்றதற்கு, "சீக்கிரம்ண்ணா, சார் வந்தா என்னத்தான் திட்டுவாரு" என்பது வற்புறுத்தல் ஆகாதோ எனின், ஆகாது. அது காலம் காட்டும் இடைநிலை.

அட்டெண்டர் கையெழுத்தின் மகிமைக்கு ஒரு மேற்கோள். 1995 மே மாதம் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபிக்குக் கையெழுத்திட்டு மயக்கத்தில் ஆழ்ந்தார். உதவி மருத்துவர் வெளியே வந்தார். காத்திருந்த தாயிடம் இன்னொரு சம்மதம் வாங்கினார். மகள் கண் விழித்தபோது கருப்பை இல்லை, சினைப்பைகளும் இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும், வயதுவந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அருமையான தீர்ப்பு, சட்டக் கல்லூரிகளில் பாடம். அந்தப் பெண் கேட்ட நஷ்டஈடு 25 லட்சம். கொடுக்கச் சொன்னது 25 ஆயிரம். எண் அதேதான், சுழிகளைத்தான் அறுத்து எடுத்துவிட்டார்கள். அதற்கும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

மூலம்: "மயக்க மருந்து கொடுக்கும் முறை, அதனால் விளையும் நன்மை தீமைகள், மாற்று வழிகள் ஆகியவை எனக்குப் புரியும் மொழியில் விளக்கமாக எடுத்துரைக்கப்பட்டன."

உரை: 'எடுத்துரைக்கப்பட்டன' என்பது செயப்பாட்டு வினை. எடுத்துரைத்தவர் யார்? வாக்கியத்தில் இல்லை. வராந்தாவிலும் இல்லை. இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு, இவரையும் அப்படியே அழைப்போம். படிவத்தின் அடியில் 'மயக்க மருத்துவர் பெயர்' என்று ஒரு கோடு, கோடு மட்டும்.

"மயக்க டாக்டர் யாரும்மா?"

"யார் ஃப்ரீயோ அவங்க வருவாங்கண்ணா."

ஆஸ்பத்திரி முகப்பில் சர்ஜன் பெயர் தங்க நிறத்தில், பட்டங்கள் இரண்டு வரிக்கு. குடலைத் தைப்பவருக்கு அவ்வளவு பெரிய பலகை. மூச்சைப் பிடித்துவைத்திருப்பவருக்குப் பெயரே இல்லை. பில்லில் மட்டும் 'அனஸ்தீசியா சார்ஜ்' என்று ஒரு வரி வரும். சார்ஜுக்கு வரி இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

அவர் வந்தபோது மணி 6.10. ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, முதுகுப் பையோடு உள்ளே ஓடினார். ஊருக்கு மறுகோடியில் ஒரு சிசேரியனை முடித்துவிட்டு வருகிறாராம். இங்கே முடித்தால் எட்டரைக்கு இன்னொரு தியேட்டர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லப்போனால் அந்தக் கட்டடத்தில் எனக்கு மரியாதை வந்த ஒரே ஆள் அவர். "பல்லு ஏதாவது ஆடுதாம்மா? ராத்திரி எத்தன மணிக்குச் சாப்டீங்க? இதுக்கு முன்னாடி மயக்கம் குடுத்தப்ப ஏதாவது ஆச்சா?" என்று கதவருகே நின்றபடி அக்காவைக் கேட்டது என் காதில் விழுந்தது. முந்தின நாள் உட்காரவைத்து அரை மணி நேரம் கேட்க வேண்டியவற்றை ஒன்றரை நிமிடத்தில் கேட்க வைத்தது யார்? ஆளை நிரந்தரமாக வைத்தால் மாதச் சம்பளம். கூப்பிட்டால் கேஸுக்கு இவ்வளவு. கணக்குப் போட்ட முதலாளி தோன்றா எழுவாய்.

மயக்கம் என்றால் தூக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்ததும் நெஞ்சு அசையாது. மூச்சை எந்திரமோ மருத்துவர் கையோ வாங்கிக்கொள்ளும். மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டிய டியூப் அதற்குப் பின்னாலேயே இருக்கும் உணவுக்குழாய்க்குள் போய்விட்டால், வயிறு உப்பும். நுரையீரலுக்கு ஒன்றும் போகாது. கைதேர்ந்தவர்களுக்கும் இது நடக்கும். நடப்பது குற்றமில்லை, தெரியாமல் போவதுதான் குற்றம். பிராணவாயு இல்லாமல் மூளை தாங்குவது நாலைந்து நிமிடம். விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறதே, அக்காவின் நகப்பூச்சை நர்ஸ் பஞ்சால் துடைத்தது அதற்காகத்தான், அது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிய பிறகுதான் கத்தும். வெளிவரும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதா என்று அளக்கும் கேப்னோகிராஃப் என்ற கருவியோ டியூப் தப்பான இடத்தில் இருந்தால் சில மூச்சுகளிலேயே சொல்லிவிடும்.

"கேப்னோகிராஃப் இருக்குங்களா?" என்று வரவேற்பறையில் கேட்டேன். அந்தப் பெண் பில்லிங் கவுன்டரைப் பார்த்தாள். பில்லிங் கவுன்டர் செக்யூரிட்டியைப் பார்த்தது. அவர்களுக்குப் பின்னால் கிரானைட் மேடையில் பெரிய மீன் தொட்டி. காற்றுக் குமிழி விடும் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மீன்களின் மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

அமெரிக்காவில் 1980களில் மயக்க மருத்துவர்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறியது. தோற்றுக் கட்டிய நஷ்டஈடு அப்படி. அவர்களுடைய சங்கம் 1985இல் ஒரு காரியம் செய்தது: முடிந்துபோன வழக்குக் கட்டுகளை இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் வாங்கி ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தது. உரை எழுதியது என்றே சொல்லலாம். மூச்சு சம்பந்தமான விபத்துகளே அதிகம் என்றும், அந்த விரல் கிளிப்பும் கேப்னோகிராஃபும் இருந்திருந்தால் பெரும்பங்கைத் தடுத்திருக்கலாம் என்றும் தெரிந்தது. கருவிகள் கட்டாயமாயின. விபத்து குறைந்தது, பிரீமியமும் இறங்கியது. பணம் போகிறதே என்ற பயத்தில் செய்ததுதான். எதற்காகவோ செய்தார்கள். இங்கே வழக்குக் கட்டு முடிந்தால் சிவப்பு நாடா, பிறகு கரையான். கரையான் ஒன்றுதான் அதை ஆழ்ந்து வாசிக்கிறது.

மூலம்: "எதிர்பாராத விளைவுகள் ஏற்படக்கூடும் என்பதையும் அறிவேன்."

உரை: 'எதிர்பாராத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். எதிர்பாராமல் இருந்தவர் யார் என்பது எச்சமாகவே நிற்கும், எக்காலத்தும் முற்றாது.

நியாயமாகப் பேசிவிடுவோம். எதிர்பார்க்க முடியாதவை உண்டு. லட்சத்தில் ஒருவர் உடம்பு ஒரு மருந்துக்குக் கொதித்து எழும். யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. அதற்கு மருத்துவரின் சட்டையைப் பிடிப்பவர் பக்கம் நான் இல்லை. ஆனால் 'எதிர்பாராத' என்ற அந்த ஒரு சொல்லுக்குள், சாக்குப்பைக்குள் பூனையைத் திணிப்பதுபோல், எதை எதையெல்லாம் திணித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

தொடக்கமே அப்படித்தான். 1848 ஜனவரி 28, இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு கிராமம். 15 வயதுச் சிறுமி. கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். அந்த மருந்து புழக்கத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சில நிமிடங்களில் சிறுமி செத்துப்போனாள். குளோரோஃபார்மை அறிமுகப்படுத்திய பெரிய மருத்துவர் சிம்சன் என்ன சொன்னார் தெரியுமா? மருந்தின்மேல் தவறில்லை, அவளை எழுப்ப வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும்தான் காரணம். விசாரணை நடத்திய ஜூரிகள், குளோரோஃபார்மினால்தான் செத்தாள், ஆனால் யார்மீதும் பழியில்லை என்றார்கள். 'அலர்ஜி ஆயிடுச்சு', 'ஏற்கெனவே ஹார்ட் ப்ராப்ளம் இருந்திருக்கு, நீங்கதான் சொல்லல' என்று நம் வராந்தாக்களில் இன்று கேட்கும் வசனங்களுக்கு மூலபாடம் அந்தப் பிராந்திதான்.

நம் பக்கத்துப் பெருமையையும் விட்டுவிடக் கூடாது. 1888இலும் 1889இலும் ஐதராபாத்தில் நிஜாம் செலவில் இரண்டு குளோரோஃபார்ம் கமிஷன்கள் உட்கார்ந்தன. நூற்றுக்கணக்கான நாய்களையும் இன்ன பிற பிராணிகளையும் மயக்கிச் சாகடித்துப் பார்த்துவிட்டு, குளோரோஃபார்ம் இதயத்தை நேராக நிறுத்தாது என்று தீர்ப்பளித்தன. இதயத்தை அது நேராகவே நிறுத்தும் என்று 1911இல் லீவி என்பவர் காட்டினார். கமிஷன் போட்டால் யாராவது ஒருவர் விடுதலை ஆவது அப்போதே வழக்கம். ஒன்றைச் சொல்ல வேண்டும்: மயக்கம் கொடுப்பவர் வேறெதையும் பார்க்காமல் மூச்சையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் அதே ஐதராபாத்தார்தான். அது சரியான பாடம். ஆள் ஒரே நேரத்தில் இரண்டு தியேட்டருக்குப் பொறுப்பாக இல்லாவிட்டால் இன்றும் செய்யலாம்.

இனி சிலிண்டர். ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, தோள்பட்டை வெள்ளை. மயக்கத்துக்கான நைட்ரஸ் ஆக்சைடு நீலம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிரித்தறிவதற்காகவே இந்த நிறம். நிறத்தையும் தப்பாகப் பார்ப்பார்கள் என்று பயந்து, மயக்க எந்திரத்தில் மாட்டும் சிலிண்டர்களுக்கு 1952இல் ஊசிப்பொருத்தம் கண்டுபிடித்தார்கள். ஆக்சிஜனுக்குத் துளைகள் 2, 5ஆம் இடங்களில்; நைட்ரஸுக்கு 3, 5ஆம் இடங்களில். மாற்றி மாட்டினால் உட்காராது. மனிதன் தவறுவான் என்பதை எதிர்பார்த்து, எதிர்பார்த்து, இரும்பிலேயே துளை போட்டு வைத்த தொழில் இது. அந்தத் தொழிலின் படிவத்தில் 'எதிர்பாராத' என்று அச்சடிக்க எப்படி மனம் வருகிறது?

2011இல் நாகர்கோவில் அரசு மருத்துவமனைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்காக ஓர் இளம் தாய் போனார். ஆக்சிஜன் போக வேண்டிய இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு போனது. கோமாவில் கிடந்து அடுத்த ஆண்டு இறந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 28 லட்சத்துக்கும் மேல் கொடுக்க உத்தரவிட்டது. பிள்ளை போதும் என்று அரசு சொன்னதைக் கேட்டுத்தான் அவர் போனார். நம் ஊர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சிட்னியில் பேங்க்ஸ்டவுன் மருத்துவமனையில் ஆக்சிஜன் என்று எழுதியிருந்த சுவர்க்குழாயிலிருந்து நைட்ரஸ் வந்து, 2016இல் பிறந்த குழந்தை ஒன்று செத்தது, இன்னொன்றின் மூளை சேதமானது. குழாய் போட்டவர், சோதித்ததாகக் கையெழுத்திட்டவர் என்று பெயர் பெயராக அங்கே வெளியே வந்தது. இரண்டு ஊருக்கும் வித்தியாசம் அந்தப் பெயர்கள்தான்.

ஆம்பூல் கதை இன்னும் சின்னது. சிசேரியனுக்கு முதுகில் போடும் மரப்பு மருந்தும், ரத்தப்போக்கை நிறுத்தும் டிரனெக்சாமிக் அமிலமும் ஒரே தட்டில், ஒரே அளவுக் கண்ணாடிக் குப்பியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பின்னதை முதுகுத்தண்டில் போட்டால் வலிப்பு வந்து உயிரே போகும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது: தனித்தனியாக வையுங்கள், லேபிளைப் படியுங்கள். பெட்டிக்கடைக்காரர் எலி மருந்தையும் கடலை மாவையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார். அவர் எம்.டி. படித்ததில்லை.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். மூன்றுக்கும் ஆஸ்பத்திரியில் உதாரணம் கிடைக்கும். 'எதிர்பாராத விளைவு' இடக்கரடக்கல். 'கார்டியாக் அரெஸ்ட்' குழூஉக்குறி: இதயம் நின்றுவிட்டது என்று பொருள். செத்தவர் எல்லாருக்கும்தான் இதயம் நிற்கிறது. ஏன் செத்தார் என்று கேட்டால், செத்ததால் செத்தார் என்பது விடை. மங்கலமாவது, செத்தார் என்பதைத் துஞ்சினார் எனல். தூங்குவதற்கும் சாவதற்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் மயக்க மருந்தை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நேர்மையாக வைத்தார்கள். சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று, எங்கே உயிர் போனதோ அந்த இடத்தைப் பெயரிலேயே சேர்த்தார்கள். நம் காலத்தில் தியேட்டரில் துஞ்சியவரைக் காண்பது அரிது. சிவப்பு விளக்கு அணையும், கதவு படாரென்று திறக்கும், வாயில் டியூபோடு உடம்பு ஆம்புலன்ஸில் ஏறும். "பல்ஸ் இருக்கு, மேல்சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, சீக்கிரம்." பெரிய ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கொண்டுவரும்போதே உயிரில்லை என்று எழுதித் தருவார்கள். கர்ப்பப்பைக் கட்டிக்குப் போனவள் புறவழிச்சாலையில் துஞ்சிய குடும்பத்தலைவி ஆகிறாள். சுங்கச்சாவடிக்கு இப்புறமா அப்புறமா என்பதுதான் பாடபேதம்.

மூலம்: "மேற்கண்ட காரணங்களால் ஏதேனும் நேரிட்டால் மருத்துவர்களோ மருத்துவமனையோ பொறுப்பல்ல என உறுதியளிக்கிறேன்."

உரை: இந்த வரி செல்லாது. ஆபத்தை ஏற்றுக்கொண்டதற்குத்தான் கையெழுத்து. அலட்சியத்தை ஏற்றுக்கொண்டதற்கு எந்தக் கையெழுத்தும் கிடையாது. செல்லாது என்று ஆஸ்பத்திரி வக்கீலுக்கும் தெரியும். பிறகு ஏன் அச்சடிக்கிறார்கள்? "நீங்கதானே சார் சைன் பண்ணீங்க" என்று வராந்தாவில் சொல்வதற்கு. அந்த நேரத்தில் அந்த ஒரு வாக்கியம் போதும். அழுதுகொண்டிருப்பவன் சட்டப் புத்தகம் பார்க்க மாட்டான்.

எதிர்ச்சுவரில் பெரிய பலகை ஒன்று: 2008ஆம் ஆண்டின் 48ஆம் சட்டப்படி மருத்துவமனையைத் தாக்கினால் பத்தாண்டு வரை சிறை. மருத்துவரை அடிப்பவன் காட்டுமிராண்டி. அந்தப் பலகையோடு எனக்குச் சண்டையில்லை. பக்கத்தில் அதே அளவுக்கு இடம் காலியாக இருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகளின் உரிமைச் சாசனம் என்று ஒன்று உண்டே என்று தேடினேன். காலண்டர் மாட்டியிருந்தார்கள்.

சரி, வழக்குப் போட்டால்? 1953 மே மாதம் ரத்னகிரிக் கடற்கரையில் 20 வயதுப் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. புனேக்குத் தூக்கிப் போனார்கள். மயக்கம் கொடுக்காமல், ஒரே ஒரு மார்ஃபியா ஊசியோடு, மூன்று ஆட்கள் பிடித்துக்கொள்ள, காலை இழுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அன்றிரவே பையன் செத்தான். மூளைக்குப் போன அடைப்புதான் காரணம் என்றது மருத்துவர் தரப்பு. அதிர்ச்சியில் செத்தான் என்றது நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் கடைசியாக உறுதிசெய்தது 1968இல். 15 ஆண்டு. நஷ்டஈடு 3,000 ரூபாய். பழைய காலம் என்று தள்ளிவிடலாமா? கொல்கத்தா வழக்கு ஒன்றில் மனைவியை இழந்தவர் தானே மருத்துவர், அமெரிக்காவில் இருந்தவர், விடாக்கண்டர். 1998இல் சாவு, 2013இல் 5.96 கோடி என்று தீர்ப்பு. அங்கேயும் 15 ஆண்டு. தொகை மாறியிருக்கிறது, தூரம் மாறவில்லை. நுகர்வோர் சட்டம் புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது. 'முயல' என்ற எச்சத்தில்தான் எத்தனை வருஷம் அடங்குகிறது!

1995இல் சாந்தா வழக்கில் மருத்துவத்தையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதிலும் ஒரு நுட்பம்: எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி அதற்குள் வராது. காசு கொடுத்தவன் நுகர்வோன். காசில்லாதவன் வெறும் நோயாளி. அவன் காசு நிறைய வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போகலாம்.

கிரிமினல் வழக்கு? லூதியானாவில் 1995 பிப்ரவரியில் ஓர் இரவு, மூச்சுத் திணறிய முதியவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். சிலிண்டர் காலி. பக்கத்து அறையிலிருந்து இன்னொன்று வந்தது. அதை இயக்க வழியில்லை. ஐந்து முதல் ஏழு நிமிடம் போனது, அவரும் போனார். இதுதான் ஜேக்கப் மேத்யூ வழக்கு. 2005இல் உச்ச நீதிமன்றம் மருத்துவர்கள்மீதான கிரிமினல் நடவடிக்கையை ரத்துசெய்தது. வெறும் கவனக்குறைவு போதாது, மிகக் கொடிய அலட்சியமாக இருக்க வேண்டும். சிலிண்டர் காலியாக இருந்ததற்கு ஆஸ்பத்திரி சிவில் பொறுப்பாளி ஆகலாம், ஆகாமலும் போகலாம், அதைப் பற்றி இங்கே கருத்தில்லை. இப்படிப் போகிறது தீர்ப்பு. பணம் பறிப்பதற்காகப் பொய்ப் புகார் கொடுப்பவர்களிடமிருந்து மருத்துவர்களைக் காக்க வேண்டும் என்று அது சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அன்று இரவு சிலிண்டரைச் சரிபார்க்க வேண்டியவர் யார்? மறுபடியும் தோன்றா எழுவாய். 'சிலிண்டர் காலியாக இருந்தது' என்ற வாக்கியத்தில் சிலிண்டரே எழுவாய், சிலிண்டரே குற்றவாளி.

மருத்துவர்மீது நடவடிக்கை எடுக்கும் முன் இன்னொரு மருத்துவரின் கருத்தை, கூடுமானவரை அரசு மருத்துவரின் கருத்தை, போலீஸ் வாங்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல், ஒரே சங்கம். வேலிக்கு ஓணான் சாட்சி. நேர்மையாக எழுதித் தருகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அடுத்த மாநாட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பார்க்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றச் சட்டத்தில் அலட்சியச் சாவுக்கு ஐந்தாண்டு வரை சிறை. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையில் செய்தால் இரண்டாண்டு வரை. லாரி டிரைவர் தன்னைப் பதிவுபெற்ற மருத்துவராக ஆக்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக, இடைச்செருகல் பற்றி. பழைய ஏடுகளில் பின்னால் வந்தவர் சொருகிய பாட்டை, நடையை வைத்தே பதிப்பாசிரியர் கண்டுபிடித்துவிடுவார். வக்கீல் நண்பர் ஒருவர் மேசையில் பெயர்களை மறைத்து ஒரு மயக்கச் சார்ட்டைக் காட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் குறிக்க வேண்டிய தாள். ஒரு மணி நேரத்துக்கு 120/80, 120/80, 120/80. ஒரே பேனா, ஒரே சாய்வு, கோடு போட்டதுபோல் வரிசை. பிறகு திடீரென்று 'கார்டியாக் அரெஸ்ட்'. உயிருள்ள எந்த உடம்பும் கத்திக்குக் கீழே அப்படி ஒரு மணி நேரம் அசையாமல் இருக்காது. அவசரத்தில் எழுதிய தாளில் அடித்தல் திருத்தல் இருக்கும், மை சிந்தியிருக்கும், ரத்தக்கறைகூட இருக்கலாம். இது சாவகாசமாக, டீ குடித்துக்கொண்டே எழுதியது. அந்தக் குடும்பம் தாளைக் கேட்டு வாங்க எட்டு மாதம் ஆனதாம். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

அக்கா எட்டே காலுக்கு வெளியே வந்தாள். நாக்குக் குழற, "நைட்டு எவ்ளோ கட்டின?" என்று கேட்டாள். நல்லபடியாகத் திரும்பிவந்ததால்தான் என்னால் இதைக் கிண்டலாக எழுத முடிகிறது. திரும்பாதவர்கள் வீட்டில் இதே ஏட்டைப் பீரோவில், மூக்குத்தி இருக்கும் மாத்திரைக் கவருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

நான் ஐந்து இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். போடாமல் எங்கே போவது? ஆனால் கடைசிக் கையெழுத்துக்குப் பக்கத்தில், இடமில்லாத இடத்தில், இப்படி எழுதினேன்: "மயக்க மருத்துவர் யார் என்று இந்த நேரம்வரை எனக்குச் சொல்லப்படவில்லை. யாரும் எதையும் விளக்கவில்லை. நோயாளியிடம் கேட்கவில்லை. காலை 5.52."

நர்ஸ் வாங்கிப் பார்த்தாள். "அய்யோ அண்ணா, இப்படியெல்லாம் எழுதக் கூடாது."

அட்டை உள்ளே போனது. யாரோ யாருக்கோ போன் செய்தார்கள். 6.05க்கு அதே அட்டை திரும்பி வந்தது. கோட்டின்மேல் மயக்க மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. முதல் பக்கத்தில் அக்காவின் கையெழுத்தும் இருந்தது, கணக்கு டீச்சரின் நேர்க்கோட்டில். அப்புறம்தான் அந்த ஸ்கூட்டர் வந்தது. எழுதக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அடுத்த முறை உங்கள் கையில் அந்த அட்டை வரும்போது, நேரத்தோடு எழுதுங்கள்.